கொழும்பு வீட்டை மழைக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஜனவரி விடியற்காலையில் 22 பாகைக்கு இறங்கிவிட்டால் பம்பலப்பிட்டிக் கோயில் வாசலில் ஸ்வெட்டரோடு நாலு பேரைக் காணலாம், அவ்வளவுதான். நம் வீடுகளைப் பிடித்தாட்டுவது ஈரம். நான் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கம், பழைய ஓட்டு வீடு ஒன்றில். ஒவ்வொரு செப்டெம்பரிலும் எங்கள் ஒழுங்கையில் யாராவது ஒருவர் கேற்றைத் தட்டி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இம்முறை எழுதியே வைத்துவிட்டேன். இரசாயன மருந்து, பிளாஸ்டிக், கரண்ட் மூன்றையும் எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்துச் செய்யும் வழிகள் இவை. காசும் குறைவாகத்தான் போகும்.

எப்போது தொடங்க வேண்டும்?

ஓகஸ்டில். தென்மேற்குப் பருவமழை மே மாதம் வெளுத்துவாங்கிவிட்டு ஜூலை, ஓகஸ்டில் கொஞ்சம் மூச்சு விடும். ஒக்டோபரில் இடைப்பருவ மழை வரும். நவம்பரில் கொழும்பில் பெய்வது சராசரியாக 400 மில்லிமீற்றர் அளவு. ஜனவரியில் அது 60ஐத் தொடாது. ஆகவே சுவர், கூரை போன்ற பெரிய வேலைகளுக்கு ஜனவரி, பெப்ரவரி. துப்புரவு, சில்லறைத் திருத்தங்களுக்கு ஓகஸ்ட். ஒக்டோபரில் மேசன்பாஸைத் தேடினால் அவர் போனையே எடுக்கமாட்டார். ஊரில் எல்லாக் கூரையும் ஒரே நாளில்தான் ஒழுகத் தொடங்கும்.

லண்டனில் இருக்கும் மகன், யன்னல் இடுக்குகளை எல்லாம் அடைக்கச் சொல்கிறான். அடைக்கலாமா?

மகன் சொல்வது அவனுடைய வீட்டுக்குச் சரி. அங்கே வெளியே 3 பாகை, உள்ளே ஹீட்டர். சூடு வெளியே போகாமல் பிடித்து வைப்பதுதான் அங்கே குளிர்கால ஆயத்தம். கதவடியில் துணி உருளை, யன்னல் ஓரத்தில் நுரைப் பட்டி, பரணில் 270 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கண்ணாடிக் கம்பளியோ செம்மறியாட்டுக் கம்பளியோ. இவை சூட்டைச் சேமிக்கும், எரிவாயுவையும் சேமிக்கும்.

நமக்கு அது தலைகீழ். ஈரப்பதன் எப்போதும் 70, 80 வீதத்தில் நிற்கும் ஊரில் வீட்டை அடைத்தால், சமையல் ஆவி, குளியலறை ஆவி, காயாத உடுப்பின் ஈரம் எல்லாம் உள்ளேயே தங்கிச் சுவரில் ஏறும். மழைத்தண்ணீரை வெளியே நிறுத்துங்கள், காற்றை நிறுத்தாதீர்கள். யன்னலுக்கு மேல் ஓர் அடி நீளத்துக்குச் சாய்ப்பு இறக்கினால் மழையிலும் யன்னலைத் திறந்தே வைக்கலாம். பழைய கொழும்பு வீடுகளில் யன்னலுக்கு மேலே மரச்சட்டமோ பூவேலைத் துவாரமோ வைத்திருப்பார்கள். அதைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு, பிறகு பூஞ்சணம் என்று அழுபவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீடு.

அப்புறம் மகனுக்கும் ஒன்று சொல்லுங்கள். அடைத்த வீட்டில் குழம்பு கொதிக்கவிட்டு, ரேடியேட்டரின் மேல் உடுப்பும் காயப்போட்டால் அங்கேயும் பூஞ்சணம்தான். யன்னல் சட்டத்தின் மேலே உள்ள சின்னக் காற்றுத் துவாரத்தை அடைக்க வேண்டாம். சமைக்கும்போது புகைபோக்கி விசிறி ஓடட்டும். காசு மிச்சம் என்று ஹீட்டரை ஒரேயடியாகக் குறைக்கவும் வேண்டாம். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் 18 பாகையாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

முதலில் எதைப் பார்ப்பது?

கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரை ஏந்தும் பீலியை. ஒழுக்கு என்று என்னைக் கூட்டிக்கொண்டு போன வீடுகளில் பாதிக்கு மேல் ஓட்டில் ஒரு குறையும் இல்லை. பீலி அடைத்து, தண்ணீர் பின்பக்கமாக வழிந்து சுவருக்குள் இறங்கியிருக்கும். போன வருடம் எங்கள் வீட்டுப் பீலிக்குள் கையை விட்டபோது வந்தவை: பக்கத்து வீட்டு மாவிலைகள், காகம் கொண்டுவந்த கோழி எலும்பு, ஒரு யோகட் கோப்பை. இறங்கு குழாயின் வாயில் ஒரு மாவிலையும் அதன்மேல் ஒரு சிலிசிலி பாக் (மெல்லிய பிளாஸ்டிக் பை) துண்டும் மூடிபோல ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த இரண்டையும் எடுத்ததும் ஒரு வாளித் தண்ணீர் மடமடவென்று இறங்கியது. ஒரு மழைக்காலம் முழுக்க நான் ஓட்டுக்காரரைத் திட்டியிருந்தேன்.

துப்புரவாக்கிய பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் சரிவு பிழை. பீலியைச் சுவரில் பிடித்திருக்கும் தாங்கியை ஒரு துளை மேலேற்றி முறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். குழாயின் வாயில் கம்பிவலையை உருண்டையாகச் சுருட்டிச் செருகுங்கள். பிறகு மழை பெய்யும்போதே குடையோடு வெளியே நின்று தண்ணீர் எங்கே விழுகிறது என்று பத்து நிமிடம் பாருங்கள். இதைவிடப் பெரிய பரிசோதனை கிடையாது.

அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் கொஞ்சம் கவனம். பாசியை எடுக்கக் கம்பித் தூரிகையோ, விசையோடு தண்ணீர் அடிக்கும் மெஷினோ வேண்டாம். நார் பறக்கும், அது சுவாசப்பைக்குக் கெடுதி. நன்றாக நனைத்து, மெல்லிய தும்புக்கட்டையால் தேய்த்தால் போதும். வெடிப்பு இருந்தால் மேலால் பூசி மூடுங்கள். துளையிடுவது, வெட்டுவது எல்லாம் வேண்டாம். ஏறி நிற்கவும் வேண்டாம், பழைய சீற் ஆளைத் தாங்காது.

நுளம்புக்குப் பயந்து பீலியையே கழற்றிவிட்டால்?

கழற்றலாம். பலர் கழற்றியும் இருக்கிறார்கள். ஆனால் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் சுவரடி மண் அரிக்கும், சேறு தெறித்துச் சுவர் இரண்டடி உயரத்துக்கு நனையும். கழற்றினால் தண்ணீர் விழும் கோட்டில் சல்லிக்கல் போட்டு, வெளிப்பக்கம் சரியும் சிறு கான் ஒன்று வெட்டுங்கள். கிழமைக்கு ஒருமுறை பீலியைப் பார்க்க ஆள் இருந்தால் கழற்றத் தேவையில்லை.

சுவரில் பூஞ்சணம். எத்தனை தரம் பெயின்ட் அடித்தும் வருகிறது.

பெயின்ட் அடிப்பதால்தான் வருகிறது என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

நானும் இதில் மாட்டியவன்தான். படுக்கையறையின் வெளிச்சுவர் கீழ்ப்பகுதியில் ஈரம். பெயின்ட் கடையில் ஒரு தம்பி, "அண்ணை, இதை அடிச்சா பத்து வருசத்துக்கு உள்ளுக்கை ஒரு சொட்டுத் தண்ணி வராது" என்று நல்ல விலைக்கு ஒரு வாளியைத் தலையில் கட்டினார். செப்டெம்பரில் அடித்தேன். நவம்பர் கடைசியில் சுவர் பொரித்த அப்பளம் போலப் பொங்கி நின்றது. ஒரு கொப்புளத்தைக் குண்டூசியால் குத்தினேன். தண்ணீர் கோடு போட்டு வடிந்தது. பெயின்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. வெளியே போக வேண்டிய தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சமையலுக்குப் பாவிக்கும் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் குற்றவாளி அறைக் காற்று; அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, யன்னலைத் திறந்தாலே பாதி தீரும்.

எங்கள் வீட்டில் உட்புறம் வியர்த்தது. வெளியே போய்ப் பார்த்தால், அம்மாவின் செவ்வரத்தைப் பாத்தி. வருடக்கணக்காக உரமும் மண்ணும் போட்டுப் போட்டு, பாத்தி வீட்டு நிலமட்டத்துக்கு மேலே ஒரு சாண் ஏறிச் சுவரோடு ஒட்டி நின்றது. மண்ணை அள்ளி, சுவருக்கும் பாத்திக்கும் இடையில் ஓரடி இடைவெளி விட்டுச் சல்லி போட்டோம். உள்ளே பெயின்டை முழுக்கச் சுரண்டி, ஜனவரி, பெப்ரவரி இரண்டு மாதமும் சுவரைக் காய விட்டோம். அதன்மேல் நீற்றிய சுண்ணாம்பு, தண்ணீர்போல் மெல்லியதாக மூன்று பூச்சு.

சுண்ணாம்பு பூசிய சுவர் மூச்சு விடும். அதன் காரத்தில் பூஞ்சணம் பிடிப்பதும் கடினம். குறைகளும் உண்டு. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். பழைய எமல்ஷன் பெயின்டின் மேல் பூசினால் நிற்காது. கலக்கும்போது கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகத் தூள் கொட்டும். அதை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும்.

ஏற்கெனவே பிடித்த சின்னப் பூஞ்சணத்துக்கு வெள்ளை வினாகிரியைத் தண்ணீர் கலக்காமல் தெளித்து, ஒரு மணித்தியாலம் விட்டு, ஈரத்துணியால் துடைத்து, ஃபேனைப் போட்டுக் காய விடுங்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு செய்யுங்கள். சுண்ணாம்புச் சுவர், டெராசோ, மாபிள், சீமெந்துத் தரை இவற்றில் வினாகிரி பட்டால் அரிக்கும். அங்கே சவுக்காரத் தண்ணீர் போதும்.

பிளீச் அடித்தால் வேலை சுலபமல்லவா?

நிறம் போகும். ஈரம் அப்படியே இருக்கும், அடுத்த மாதம் திரும்பி வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிளீச்சையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது விளையாட்டல்ல.

தீபாவளிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாமா?

தீபாவளி வருவதே மழைக்குள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் திருக்கார்த்திகைக்கு முன் உரியும். தைப்பொங்கலுக்குப் பிறகு அடியுங்கள். தீபாவளிக்கு வாசற்கதவையும் கேற்றையும் துடைத்து மாவிலை கட்டினால் வருகிறவர்களுக்குச் சுவர் கண்ணில் படாது.

மழை வந்தால் கதவு இறுகிவிடுகிறது. சீவலாமா?

சீவாதீர்கள். மரம் ஈரத்தைக் குடித்து வீங்கியிருக்கிறது, பெப்ரவரியில் தானே சுருங்கும். இப்போது சீவினால் அப்போது இடுக்கு வழியாகப் பல்லி மட்டுமல்ல, பூனைக்குட்டியே வரும். உரசும் ஓரத்தில் மெழுகுதிரியை நன்றாகத் தேய்த்துவிட்டு, கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். அந்த இரண்டு இடத்துக்கும் யாரும் வார்னிஷ் அடிப்பதில்லை. தண்ணீர் ஏறுவது அதன் வழியாகத்தான். வெயில் காலத்தில் அங்கே அடித்துவிட்டால் அடுத்த வருடம் இந்தக் கேள்வி வராது.

மழைத்தண்ணீரைச் சேமிப்பது கொழும்பில் சாத்தியமா? கிணறும் இல்லை, இடமும் இல்லை.

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஆயிரம் சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீற்றர் அளவு. 10 மில்லிமீற்றர் பெய்தால், சிந்தியது தெறித்தது போக 750 லீற்றராவது வரும். நவம்பரில் அந்த 10 மில்லிமீற்றர் ஒரு பின்னேரத்தில் வந்துவிடும். அதனால் பெரிய தாங்கி தேவையில்லை. 500 லீற்றர் பீப்பா ஒன்றிருந்தால் அடிக்கடி நிரம்பும், அடிக்கடி பாவிக்கலாம்.

முதல் பத்து நிமிட மழையைத் தாங்கிக்குள் விடாதீர்கள். காக எச்சமும் வாகனப் புகைக் கரியும் அதில்தான் இருக்கும். குழாயில் ஒரு கிளை வைத்து அதைப் பூமரத்துக்குத் திருப்பிவிடுங்கள். மிகுதி கழிவறைக்கு, தரை துடைக்க, கார் கழுவ. ஒருமுறை ஃப்ளஷ் பண்ணவே 6 முதல் 9 லீற்றர், அதுவும் குடிக்கச் சுத்திகரித்த தண்ணீர். குடிப்பதற்குக் கூரைத் தண்ணீர் வேண்டாம். வழியும் தண்ணீரைச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, சல்லி நிரப்பிய ஒரு குழிக்குள் விடலாம். முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டவர்கள் இதற்காக ஓரத்தில் ஒரு கீற்று மண்ணையாவது திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

பீப்பா வைத்தால் நுளம்பு வராதா? பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்கு எழுதிவிட்டால்?

மூடாமல் வைத்தால் வரும், எழுதவும் வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். மேற்கு மாகாணம்தான் அதில் முன்னணி. இது பயங்காட்டச் சொன்ன கணக்கல்ல, எங்கள் ஒழுங்கையில் அந்த வருடம் டெங்கு வராத வீட்டை எண்ண ஒரு கை விரல் போதும்.

பீப்பாவின் வாய்க்கும், வழியும் குழாயின் வாய்க்கும் நுளம்பு புகாத வலை கட்டுங்கள். கிழமைக்கு ஒருநாள், எங்கள் வீட்டில் ஞாயிறு காலை, வீட்டைச் சுற்றி வாருங்கள். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள். கிழமைக்கு ஒருமுறை கலைத்தால் சுற்று அறுந்துவிடும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தும்பால் தேய்த்துக் கழுவுங்கள்.

எல்லோரும் சிரட்டையையும் டயரையும் பார்ப்பார்கள். விட்டுவிடும் இடம் ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு. மேல்மாடி அன்ரி ஒரு பூச்சிக்கொல்லி டின்னை முடித்துவிட்டு, "எங்கேயிருந்து தம்பி வருது?" என்று கேட்டார். ஃப்ரிட்ஜைத் திருப்பினோம், தட்டில் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. ஃப்ரிட்ஜ் தட்டு, வாஷிங் மெஷினின் அடி, பாவிக்காத கழிவறை, கொங்கிரீட் சன்ஷேட்டின் மேற்பக்கம், சாமிப்படத்துக்கு முன் உள்ள பூக்கிண்ணம் ஐந்தையும் பட்டியலில் சேருங்கள்.

ஃப்ளட்டில் இருக்கிறோம். உடுப்பு காயவே மாட்டேன் என்கிறது. ட்ரையர் வாங்கலாமா?

மெஷினில் பிழியும் சுற்றை மட்டும் இன்னொரு தரம் ஓடவிடுங்கள். பிறகு பல்கனியை ஒட்டிய அறையில், உடுப்புக்கு உடுப்பு ஒரு கை இடைவெளி விட்டுப் போட்டு, ஃபேனை உடுப்பின்மேல் திருப்பி, எதிர்ப்பக்க யன்னலைத் திறந்து வையுங்கள். 70 வாட் ஃபேன் எட்டு மணித்தியாலம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். வழக்கமான ட்ரையர் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு யூனிட்டை விழுங்கும். படுக்கும் அறையில் காயப்போடாதீர்கள். ஒரு மெஷின் உடுப்பிலிருந்து ஓரிரண்டு லீற்றர் தண்ணீர் அந்த அறைக் காற்றில்தான் ஏறும்.

அரிசி, அலுமாரி, புத்தகம்?

அரிசியை மழைக்காலத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். இறுக்கமான தகர டின், உள்ளே நாலு செத்தல் மிளகாய், கொஞ்சம் கராம்பு. பட்டுச்சேலையைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். அலுமாரித் தட்டில் ஒரு சட்டி நிறையச் சிரட்டைக்கரி வைத்தால் வாடை போகும். வெயில் கண்ட நாளில் கரியை வெளியே காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். பூச்சி உருண்டை வேண்டாம், முக்கியமாகக் குழந்தை இருக்கும் வீட்டில்.

ஒழுங்கையில் தண்ணீர் ஏறினால்?

இரண்டு விதமாக ஏறும். வெள்ளவத்தை, கிருலப்பனைப் பக்கம் மழை கொட்டும்போது கான் அடைத்து ஏறும். மழை விட்டுச் சில மணித்தியாலத்தில் வடியும். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே தண்ணீருக்குள் போனது இப்படி ஒரே இரவில் கொட்டிய மழையில்தான். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் களனி கங்கை பெருகி ஏறும். மழை விட்ட பிறகும் நாட்கணக்கில் நிற்கும். 2016 மே வெள்ளம் அப்படி வந்தது. அங்கே இருப்பவர்கள் வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லும் ஆற்று மட்டத்தைப் பாருங்கள். மலைநாட்டில் பெய்ததுதான் மறுநாள் உங்கள் வாசலுக்கு வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கான் விஷயத்தில் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அது பெரிய கொஞ்சம். செப்டெம்பரில் ஒழுங்கைக்காரர் எல்லோரும் சேர்ந்து கான் மூடியைத் திறந்து பாருங்கள். சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017இல் தடை செய்தார்கள். எங்கள் கானிலிருந்து அது இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. குப்பையை வண்டி வரும் காலையில் மட்டும் வெளியே வையுங்கள், முதல்நாள் இரவு வைத்தால் மழை அதைக் கானுக்குள் இழுக்கும். வெள்ளம் வருமென்று தெரிந்தால் கழிவறைக் கிண்ணத்துக்குள்ளும் ஒரு மண்மூட்டையை வையுங்கள். வாசலில் எல்லோரும் அடுக்குவார்கள், தண்ணீர் பின்வழியாக மேலே வரும்.

இடி மின்னலுக்கு?

இடைப்பருவ மழையின் இடி பெரும்பாலும் பின்னேரத்தில்தான். வேலைக்குப் போகும்போதே டிவி, ரவுட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் போங்கள். சும்மா நின்று குடிக்கும் கரண்டும் மிச்சம். மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் மழைக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

தங்கச்சி நுவரெலியாவில். அவளுக்கும் இதே ஆலோசனையா?

இல்லை. அங்கே ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே விழும். லண்டன் மகனின் கதவடித் துணி உருளையும் தடித்த திரைச்சீலையும் அவளுக்குத்தான் பொருந்தும். பகலில் வெயில் விழும் யன்னலைத் திறந்து, நாலு மணிக்கே மூடித் திரையை இழுத்துவிடச் சொல்லுங்கள். ஆனால் குளிருக்காகக் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலை ஒரு பழைய காலுறைக்குள் போட்டுப் போர்வைக்குள் வைத்தால் விடியும்வரை சூடு நிற்கும்.